பச்சையாய் ஒளிரும் கண்ணாடி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பத்திப் பேசிடாதப்பா, எல்லாரும் தூங்கிடுவாங்க" என்று சங்கச் செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். ஆகவே பம்பும் மோட்டாரும் இன்று கிடையாது. பழைய கண்ணாடிச் சாமான்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து வந்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுக்க வேண்டும்.

யுரேனியத்தை ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் கண்டறிந்தது 1789-ல். 1830-களில் பொஹிமியாவில் ரீடல் குடும்பத்தார் அதைக் கண்ணாடிக் குழம்பில் கலந்து, மஞ்சளும் பச்சையுமாகக் கிண்ணம், குடுவை, விளக்குக் கூடு என்று செய்து விற்றார்கள். 1840-களில் பிரான்சின் பக்கரா தொழிற்சாலையும் செய்தது. பிரெஞ்சில் இதற்கு உராலின் என்று பெயர். அணுகுண்டு, அணு உலை என்ற சொற்களே பிறக்காத காலம் அது. யுரேனியம் அன்றைக்கு வெறும் சாயப்பொடி, அவ்வளவுதான்.

நம்ம ஊர் கதைக்கு வருகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா வீடுகள் நம் கிராமங்களிலும் உண்டு. பாகூர் பக்கம் அப்படி ஒரு வீட்டில்தான் என் அத்தை வாழ்க்கைப்பட்டார். அவர் மாமனார் சைகோனிலிருந்து கொண்டுவந்த இளமஞ்சள் கிண்ணம் ஒன்று ஷோகேசில் இருந்தது. சில வருடங்களுக்கு முன் பழைய சாமான் வாங்குகிறவன் என்று ஒருவன் வந்து, சின்ன டார்ச்சை அதன்மேல் அடித்திருக்கிறான். கிண்ணம் பச்சைப் பசேலென்று எரிந்திருக்கிறது. "இது யுரேனியம்மா. ரெண்டு கோடி போவும். டெஸ்டிங்குக்கு மட்டும் நாப்பதாயிரம் கட்டுங்க" என்றானாம். அத்தை நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். நல்லவேளை, கிளம்பும் முன் எனக்குப் போன் செய்தார்.

அவன் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமமே! கிண்ணத்தில் யுரேனியம் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கிண்ணம் 200 கிராம். இவ்வகைக் கண்ணாடியில் சாதாரணமாக 2 சதவீதம் யுரேனியம் என்று கொண்டால் 4 கிராம். உலகச் சந்தையில் யுரேனிய ஆக்சைடு ஒரு பவுண்டு நூறு டாலர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த 4 கிராமுக்கு ஏறக்குறைய நூறு ரூபாய். பழம்பொருள் என்று பார்த்தாலும், வெளிநாடுகளில் சாதாரணக் கிண்ணங்கள் சில பத்து டாலருக்கே கிடைக்கின்றன. கோடி எங்கிருந்து வரும்? மேலும் யுரேனியம் விற்கிறேன் என்று பேரம் பேசுவதே அணுசக்திச் சட்டத்தின் வாசலில் போய் நிற்கிற வேலை.

அரிசியை இழுக்கும் கலசம், இடி விழுந்த செம்பு, இரிடியம் என்று ஏமாற்றுகிறார்களே, அதே குடும்பத்து மோசடிதான் இதுவும். 'சதுரங்க வேட்டை' படத்தில் பார்த்திருப்பீர்கள். டெல்லியில் 2018-ல் ஓர் அப்பாவும் மகனும், விண்வெளி வீரர் மாதிரி உடை மாட்டிக்கொண்டு, நாசாவுக்கு விற்கிறோம் என்று ஒருவரிடம் கோடிக்கு மேல் கறந்து பிடிபட்டார்கள். இரிடியம் நல்ல உலோகம். ஸ்பார்க் பிளக் முனையில் இருக்கிறது. அரிசியை எல்லாம் அது இழுக்காது.

பணம் போகாது என்று தெரிந்ததும் அத்தை கேட்டது: "ஏம்பா, இத வூட்ல வச்சிருந்தா கேன்சர் வருமா?" நியாயமான கேள்வி. யுரேனியம்-238-ன் அரைவாழ்வு சுமார் 447 கோடி ஆண்டுகள். அவ்வளவு நிதானமாகச் சிதைவது. ஆல்பா கதிரில் பெரும்பகுதி கண்ணாடிக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே வருவது சில சென்டிமீட்டர் காற்றைக்கூடத் தாண்டாது. பீட்டா கொஞ்சம் வரும். நம் உடம்பிலுள்ள பொட்டாசியம்-40 கூடத்தான் வினாடிக்குச் சில ஆயிரம் முறை சிதைந்துகொண்டிருக்கிறது. ஷோகேசில் தாராளமாக இருக்கட்டும். ஊறுகாய், புளிக்குழம்பு மட்டும் அதில் வைக்க வேண்டாம், புளிப்பு கண்ணாடியிலிருந்து கொஞ்சம் கரைத்தெடுக்கும். உடைந்தால் அரைக்கவோ தேய்க்கவோ கூடாது, தூள் மூச்சில் போகும்.

இந்த ஒளிக்கும் கதிரியக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது என்பதைத் தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் கரைந்திருக்கும் யுரேனைல் அயனி புற ஊதாக் கதிரை விழுங்கி, பச்சை ஒளியாகத் திருப்பித் தருகிறது. நம் டியூப் லைட்டுக்குள் வெள்ளைப் பூச்சு செய்கிற அதே வேலை. விளக்கை அணைத்தால் பச்சையும் போய்விடும். அணைத்த பிறகும் ஒளிர்ந்தால் அது வேறு சரக்கு.

சோதிக்க, கடையில் ரூபாய் நோட்டுப் பார்க்கிற விளக்கே போதும். ஆனால் மலிவான ஊதா டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறைய வந்து குழப்பும். 365 நானோமீட்டர் டார்ச் சுத்தமாகக் காட்டும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கண்ணாடியை வெளுக்கச் சேர்க்கும் மாங்கனீசும் 365-ல் மங்கலான பச்சை தரும். இரண்டு டார்ச்சிலும் பளீரென்று பச்சையானால் யுரேனியம். 395-க்கு மாற்றியதும் சோர்ந்துபோனால் மாங்கனீசு என்று கொள்ளலாம். காட்மியம் ஆரஞ்சாக ஒளிரும். நீங்கள் கட்டியிருக்கும் வெள்ளை வேட்டிகூட நீலமாய் மின்னும், அது சோப்புத்தூளின் உபயம். இருட்டறையில், பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். டார்ச்சை நேராகக் கண்ணில் பார்க்கக் கூடாது.

டார்ச் காட்டுவது யுரேனியத்தை மட்டும்தான், வயதை அல்ல. அமெரிக்காவில் போர்க்காலத்தில் அரசு யுரேனியத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டதால் இக்கண்ணாடி நின்றுபோய், 1958-க்குப் பிறகு திரும்ப வந்தது. புதிதாகவும் செய்கிறார்கள். அடிப்பாகத்தில் தேய்மானம் உண்டா, தாங்கு கம்பியைப் பிரித்தெடுத்த தழும்பு உண்டா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த உபயோகம் இதற்கு நேர்மாறானது. அரிக்கமேட்டு மணி, ரெண்டாயிரம் வருஷப் பழசு என்று ஒருவர் உங்கள் கையில் வைக்கிறார். அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகளின் செம்மைக்கும் பச்சை நீலத்துக்கும் தாமிரம்தான் பெரும்பாலும் காரணம். 1789-ல் கண்டறிந்த யுரேனியத்துக்கு அங்கே என்ன வேலை? அந்த மணி டார்ச்சில் பளீரென்று பச்சையடித்தால், பொஹிமியாக்காரர்களும் யுரேனிய மணி செய்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒளிராவிட்டால் அசல் என்றும் அர்த்தமில்லை!

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயற்பியல் ஆய்வகத்தில் ஜன்னலை மூடச் சொல்லியிருக்கிறேன். டார்ச் இரண்டும் கொண்டுவந்திருக்கிறேன், அத்தையிடம் கெஞ்சி அந்தக் கிண்ணத்தையும். வீட்டில் பழைய மஞ்சள், பச்சைக் கண்ணாடி இருப்பவர்கள் அடுத்த முறை எடுத்து வாருங்கள். டெஸ்டிங் சார்ஜ் கிடையாது.