பீலியும் பட்டறையும்



தகடூர் என்று சங்கச் சான்றோர் அறிந்த ஊரே இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் அமர்ந்து பாடிய ஒளவையார், அவனுடைய வலிமைக்கு உவமை தேடியபோது யானையையோ புலியையோ மட்டும் நாடவில்லை. தச்சனின் தொழிற்களத்தையும் எட்டிப் பார்த்தார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் கைத்திறன் கொண்டவன், ஒரு மாதம் முழுவதும் முயன்று ஒரேயொரு சக்கரத்தைச் செய்தால் அது எப்படியிருக்கும்? அதைப் போன்றவன் அஞ்சி என்பது புறநானூற்றின் 87-ஆம் பாட்டு. விரைவாகச் செய்ய வல்லவன் வேண்டுமென்றே காலந்தாழ்த்திச் செய்வதில் உள்ள பெருமையை அறிந்த கண் அது.

பழைய மோட்டார் வண்டிகளைத் தேடி எடுத்து உயிரூட்டுவோரின் பெருமையும் இதே இனத்தைச் சேர்ந்தது. புதிய காரைப் பணம் உள்ள எவரும் ஒரு பிற்பகலில் வாங்கிவிடலாம். வேப்பமரத்தடியில் கோழி அடைந்து கிடந்த அம்பாசடரை ஓடவைக்கப் பணம் மட்டும் போதாது. துருவேறிய தகட்டை வெட்டி, புதுத்தகடு பற்றவைத்து, டிங்கரிங் செய்பவர் தட்டித்தட்டிப் பழைய வளைவைக் கொண்டுவர வேண்டும். அந்த வளைவு ஏட்டில் இல்லை; அவருடைய மணிக்கட்டில் இருக்கிறது. பட்டியைக் கனமாகப் பூசிப் பள்ளத்தை மறைப்பவர்களும் உண்டு. முதல் மழைக்காலம் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழகத்துக்கு இத்துறையில் நீண்ட வரலாறு உண்டு. 1903-இலேயே சென்னை சிம்சன் நிறுவனத்தார் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினர். சென்னையை அடுத்துச் செயற்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் ஹெரால்டு காரைத் தந்தது. ஆங்கிலேயரின் டிரயம்ப் ஹெரால்டு இரண்டு கதவு வண்டி. அதற்கு நான்கு கதவு வைத்தது இந்தியத் தொழிற்சாலைதான். ஆதலால் ஹெரால்டு வைத்திருப்பவரின் பெருமை இரட்டிப்பானது. வங்காளத்தின் உத்தரபாராவிலிருந்து வந்த அம்பாசடரின் உற்பத்தியோ 2014 மே மாதத்தில் நின்றது. கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகமும், சென்னை ஏ.வி.எம். வளாகத்தில் 2023-இல் திறக்கப்பட்ட காட்சிக்கூடமும் இத்தகைய வண்டிகளை மக்கள் காணச் செய்திருக்கின்றன.

இங்குதான் ஒளவையாரின் இன்னொரு பாட்டு குறுக்கே வந்து நிற்கிறது. தொண்டைமானிடம் தூது சென்ற அவர், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டார். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, மாலையணிந்து காவலோடு இருந்தன அக்கருவிகள். புகழ்வது போலவே பேசிய புலவர், அஞ்சியின் வேல்களோ முனை முறிந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன என்றார். பழிப்பைப் புகழாக உடுத்திய அந்தச் சொல், கார் உடைமையாளர்களின் நெடுநாள் வழக்குக்கும் தீர்ப்புச் சொல்வது போலிருக்கிறது. வண்டியைத் துணி போர்த்திக் காப்பதா? ஓட்டித் தேய்ப்பதா?

ஓட்டுவது என்றால் தொப்பூர்க் கணவாயை நினைக்காமல் இம்மாவட்டத்தார் பேச முடியாது. சேலம் நோக்கி இறங்கும் அச்சரிவில் பிரேக்கையே நம்பி இறங்கினால் பழங்காலத்து டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். சிறிய கியரில் எந்திரத்தின் இழுவையைத் துணைகொண்டு இறங்குவதே பழைய ஓட்டுநர்களின் முறை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றிக்கொள்வோர் அச்சத்தால் மட்டும் மாற்றுவதில்லை. ஓட்ட வேண்டும் என்ற ஆசையாலும் மாற்றுகின்றனர். 'அசல் கெட்டது' என்று முகஞ்சுளிக்கும் தூய்மைவாதிகள் ஒருமுறை அம்மலையை இறங்கிவிட்டுப் பேசலாம். ஆனால், ஸ்டியரிங் தண்டிலிருந்த கியர்க்கோலை அகற்றி, வெளிநாட்டு எந்திரத்தையும் பளபளக்கும் அகன்ற சக்கரங்களையும் பூட்டிய பின் எஞ்சுவது அம்பாசடரின் ஓடு மட்டுமே. அங்கே தூய்மைவாதியின் வருத்தம் நியாயமானது.

சட்டமும் இவ்வழக்கில் நுழைந்திருக்கிறது. உற்பத்தியாளர் தந்த மூல அமைப்பினின்றும் வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021 சூலையில் நடுவண் அரசு கொணர்ந்த விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் 'வி.ஏ.' எழுத்துக்கொண்ட தனிப் பதிவெண் அளித்தன. கட்டணம் 20,000 ரூபாய். மதிப்பளிக்கும் விதிதான், ஐயமில்லை. ஆனால் அப்பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் முதலியவற்றுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்டலாகாது. பீலி சூட்டிக் கொட்டிலில் நிறுத்தும் ஏற்பாடு இது. மறுபுறம், 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காரைப் புதுப்பித்துப் பதியும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. செல்வர் இதைப் பொருட்படுத்தார். தந்தை ஓட்டிய பியட்டை விற்க மனமின்றி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அது சிறுதொகையன்று.

அரும்பொருளாக்க ஐம்பது ஆண்டு வேண்டும். பதினைந்தாம் ஆண்டிலேயே சுமை தொடங்கிவிடுகிறது. இடையிலுள்ள முப்பத்தைந்து ஆண்டுகளில்தான் பெரும்பாலான வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அந்தக் காலத்தில் அவற்றைக் காப்பவர்கள் அருங்காட்சியகத்தார் அல்லர். லேத்துப் பட்டறைக்காரர்களும், கார்புரேட்டரின் ஒலியைக் கேட்டே குறையைச் சொல்லும் முதிய மெக்கானிக்குகளுமே. கடையில் கிடைக்காத உறுப்பைக் கடைந்து தருபவரின் பெயர், பரிசுக் கோப்பையில் பொறிக்கப்படுவதில்லை. அஞ்சியின் சக்கரத்துத் தச்சன் பெயரும் பாட்டில் இல்லை.