எழுத்தும் தாலியும்

ஆவணி மாதத்திலே வெள்ளவத்தைக் காலி வீதி வழியாக நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். இலண்டனிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு கடையிலே கூறைச்சேலை பார்ப்பர். தொறன்ரோவிலிருந்து வந்த பெண் வீட்டார் அடுத்த கடையிலே தாலிக்கொடிக்குப் பவுண் நிறுப்பர். யாழ்ப்பாணத்துக்குப் பாதை அடைபட்டிருந்த போர்க்காலத்தில், இரு பகுதியாரும் சந்திப்பதற்கு வாய்ப்பான இடமாக வெள்ளவத்தை அமைந்தது. போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்த பின்னரும் அவ்வழக்கம் மறையவில்லை. மண்டபம், மேளம், சமையல், புகைப்படம் ஆகிய அனைத்துக்கும் மாதக்கணக்காக ஆயத்தஞ் செய்கின்ற இக்குடும்பங்கள், ஒரு காரியத்தை மட்டும் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவிடுகின்றன. அதுவே ‘எழுத்து’ என்று யாழ்ப்பாணத்தார் வழங்கும் விவாகப் பதிவு.

இலங்கையில் முஸ்லிம்களின் விவாகத்துக்கு 1951 ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. கண்டிச் சிங்களவர் விரும்பினால் தமக்குரிய 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணம் புரியலாம். ஏனையோர்க்கெல்லாம் 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமே வழிகாட்டி. தென்கரையிலே கடற்காட்சியை நாடி வந்து மாலை மாற்றிக்கொள்ளும் ஐரோப்பியரும் இச்சட்டத்துக்கே உட்படுகின்றனர்.

இச்சட்டத்தின்படி விவாகத்துக்கு முன்னர்ப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். அறிவித்தல் கொடுப்பவர் அதற்கு முன் பத்து நாட்களாவது அப்பதிவாளரின் பிரிவிலே வசித்திருத்தல் வேண்டும். அறிவித்தல் பதியப்பட்டுப் பன்னிரண்டு நாட்கள் கழிந்த பின்னரே, தடை எதுவும் எழாதவிடத்து, சான்றிதழ் வழங்கப்படும். பத்தும் பன்னிரண்டும் இருபத்திரண்டு. மாப்பிள்ளைக்கோ கிடைத்த விடுமுறை பதினெட்டு நாள்! இந்த எளிய கணக்கைப் பாராமல் முகூர்த்தப் பத்திரிகை அச்சிட்ட வீடுகள் பல.

இதற்குச் சட்டமே இரு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. மணமக்களில் ஒருவர் இலங்கையில் வசியாதவராயின், இங்கே வசிக்கும் மற்றவர் தம் பிரிவுப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கலாம். ஆகவே பெண் வெள்ளவத்தையில் இருப்பாளாயின், மாப்பிள்ளை விமானம் ஏறுமுன்னரே காரியத்தைத் தொடங்கிவிடலாம். மற்றது விசேட அனுமதிப்பத்திரம். பன்னிரு நாட் காத்திருப்பைத் தவிர்க்க விரும்புவோரும், பதிவாளர் காரியாலயத்தை விடுத்து மண்டபத்திலோ வீட்டிலோ எழுத விரும்புவோரும் உரிய கட்டணஞ் செலுத்தி இதனைப் பெறலாம்.

கொண்டுவர வேண்டிய பத்திரங்கள் யாவை? பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, தாம் வாழும் நாட்டின் அதிகாரியிடம் பெற்ற மணமாகாமைச் சான்றிதழ் ஆகியவை. முன்பு மணமாகி நீங்கியவராயின் விவாகரத்தின் இறுதித் தீர்ப்பு வேண்டும். இடைக்காலத் தீர்ப்பு போதாது. துணையை இழந்தவராயின் மரணச் சான்றிதழ் வேண்டும். டேனிஷ், நோர்வீஜிய, ஜேர்மன் மொழிகளில் உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாணஞ் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றுவித்தல் வேண்டும். 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இருபாலார்க்கும் விவாக வயது பதினெட்டு. இலங்கையர் ஒருவர் வெளிநாட்டவரை மணப்பதாயின் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டுமென, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வருமாறு சுற்றுநிருபம் ஒன்று 2021 இல் வெளியாகிக் கடுங் கண்டனத்தை எழுப்பியது. சட்டம் நூறாண்டு நிற்கும், சுற்றுநிருபம் அப்படியன்று. ஆதலால், பிரயாணச்சீட்டு எடுக்குமுன்னர் பிரதேச செயலகத்திலே ஒருமுறை விசாரித்துக்கொள்வது நலம். வெள்ளவத்தை வாசிகளுக்கு அது திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகம்.

கொட்டாஞ்சேனையிலே புனித லூசியாள் பேராலயத்தில் மணம் புரியும் கத்தோலிக்கர்க்கு ஒரு வசதி உண்டு. கிறிஸ்தவ ஆலயங்களைப் பதிவுசெய்து, ஆங்குள்ள குருமார் நடத்தும் விவாகத்தைச் சட்டமுறையான விவாகமாக ஏற்பதற்கு அக்கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. சைவக் குருக்களுக்கு அவ்வதிகாரம் கொடுக்கப்படவில்லை. ஆகவேதான் சைவர் வீட்டிலே எழுத்து வேறு, தாலி வேறு என இரு சடங்குகள் ஏற்பட்டன.

அப்படியானால் எழுத்தில்லாத் தாலி செல்லாதா? செல்லும். வழக்கப்படி தாலி கட்டிக் கூறை கொடுத்து நடந்த விவாகத்தை இலங்கை நீதிமன்றங்கள் பலமுறை ஏற்றிருக்கின்றன. ஆனால் தாலி கட்டியதை நீதிமன்றத்திலே சாட்சிகளை அழைத்து நிறுவலாம். தூதரகத்தின் சாளரத்தண்டை நின்று எங்ஙனம் நிறுவுவது? அங்குள்ள அலுவலர் கேட்பது ஒரு காகிதம். விவாகப் பதிவே விவாகத்துக்குச் சிறந்த சான்று என்று கட்டளைச் சட்டமும் கூறுகிறது. அக்காகிதம் இன்மையால் கணவன் பனி நாட்டிலும் மனைவி வெள்ளவத்தை மாடிவீட்டிலுமாகக் காலங் கழிப்பது, கலியாணச் செலவினும் பெரிய நட்டம்.

காகிதம் இருந்தாலும் போய்ச் சேரும் நாட்டின் விதி வேறாக இருக்கலாம். தொலைபேசி வழியாகவோ பதிலாள் மூலமாகவோ நடந்த விவாகத்தைக் கொண்டு துணையை அழைக்க முடியாதெனக் கனடா 2015 ஜூனில் விதித்தது. டென்மார்க்கோ, துணையை அழைப்பதற்கு இருவரும் இருபத்துநான்கு வயது கடந்திருத்தல் வேண்டுமென 2002 இல் சட்டமியற்றியது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணை டென்மார்க்கு மாப்பிள்ளைக்குப் பேசும் தரகர் இதனை வாய் திறந்து சொல்வது அரிது.

சொத்து பற்றியும் ஒரு சொல். ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை வடமாகாணத் தமிழரைக் கொழும்பு வரையிலும் தொடரக்கூடியது. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட பெண் அதற்குட்படாத ஆடவனை மணந்தால், அவ்விவாகம் நீடிக்கும் வரை அவள் அதற்குப் புறம்பாவாள். புறம்பான பெண் உட்பட்டவனை மணந்தால் அவள் உட்படுவாள். பருத்தித்துறையிலே சீதனக் காணியுள்ள பெண் வெளிநாட்டுக் குடியுரிமையாளனை மணக்கும்போது, எச்சட்டம் அக்காணியை ஆளும் என்பதை எழுத்துக்கு முன்னரே சட்டத்தரணியிடம் கேட்டறிதல் வேண்டும்.

இனி ஒரு சிறு தொல்லை. இங்கே பிறப்புச் சான்றிதழிலே தந்தை பெயர் முன்னே நிற்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டிலே அதே பெயர் குடும்பப் பெயராகிப் பின்னே போயிருக்கும். ஆங்கில எழுத்திலும் ஓரிரண்டு கூடிக் குறைந்திருக்கும். பதிவேட்டிலே ஒப்பமிடுமுன்னர் மணமக்களும் இரு சாட்சிகளும் கடவுச்சீட்டைப் பக்கத்திலே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குவாராக. மேளகாரர் சற்றுப் பொறுத்திருக்கலாம்.