இரவு ஷிப்ட் முடித்து வரும் தாய்க்கும் ஒரு நாற்காலி

கல்விக்காகக் கூடிய மன்றத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் கதையைச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவில் நியூயார்க்குக்கு அடுத்த பெரிய பள்ளி மாவட்டம் அது. லட்சக்கணக்கான பிள்ளைகள். ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலரைத் தாண்டும் வரவு செலவு. இத்தனைக்கும் பொறுப்பு, மக்கள் ஓட்டுப் போட்டுப் பள்ளி வாரியத்துக்கு அனுப்பிய ஏழே ஏழு பேர்!

அவர்களுக்கு 2017 வரை என்ன சம்பளம்? வேறு வேலை இல்லாதவருக்கு ஆண்டுக்கு 45,637 டாலர். வேறு வேலை உள்ளவருக்கு 26,347 டாலர். நேற்று வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் அதைவிடக் கூடுதலாக வாங்கினார். அந்த ஆண்டுதான் அது 1,25,000 ஆகவும் 50,000 ஆகவும் உயர்ந்தது. உயர்த்தியதும் வாரியம் அல்ல, அதற்கென்று அமைந்த தனிக்குழு.

சேவைக்குக் கூலியா என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. வாடகைப் பணம் வீடு தேடி வருகிறவருக்குச் சேவை சுலபம் ஐயா! இரவு ஷிப்ட் முடித்து, கண் எரிய எரிய வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாளே ஒரு தாய், அவள் வாரியத்தில் எப்படி உட்காருவாள்? ஒரு கூட்டத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் பள்ளியின் கூரை எங்கே ஒழுகுகிறது என்று அறிந்தவள் அவள்தான்.

மக்கள் பிரதிநிதிக்குச் சம்பளம் கேட்பது பழைய வழக்கு. 1838இல் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் மக்கள் சாசனம் எழுதினார்கள். ஆறு கோரிக்கைகளில் ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம். கிடைத்தது எப்போது? 1911இல்! ஆண்டுக்கு 400 பவுன். எழுபத்து மூன்று ஆண்டுக் காத்திருப்பு!

அமெரிக்காவின் டெக்சஸில் இன்றைக்கும் பள்ளி வாரியத்தாருக்குச் சம்பளம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. சிகாகோ மக்கள் 2024 நவம்பரில்தான் தங்கள் பள்ளி வாரியத்துக்கு முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள். வென்று வந்தவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஃப்ளோரிடாவில் சம்பளம் தர எப்படி முடிந்தது? வாரிய உறுப்பினரின் சம்பளத்தை அங்கே மாநிலச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

ஓட்டுரிமை கொடுத்தவர்களே, அந்தத் தாய் வந்து உட்கார வழியையும் கொடுங்கள். அவள் இழக்கும் நாள் கூலியை ஈடு கட்டுங்கள்!