இலைக்கருகலைத் தாங்கும் நெல்

(கலவையில் உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காராமணி இலையைக் கருக்கும் பாக்டீரியாவும் நெல் இலையைக் கருக்கும் பாக்டீரியாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எனினும், நோய் தாங்கும் ரகத்தை உருவாக்கும் முயற்சி நம் நாட்டில் நன்கு கைகூடியிருப்பது நெல்லில்தான். ஆகவே இன்று நெல்லைப் பற்றியே பேசுகிறேன்.

இந்நோய் கண்ட இலை நுனியிலிருந்து ஓரமாக, அலையலையாக மஞ்சளித்து, பின்பு வைக்கோல் நிறமடையும். ஐயமிருப்பின் இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முனையைத் தெளிந்த நீரில் வையுங்கள். சற்று நேரத்தில் பால் போன்ற கசிவு இறங்கினால் அது பாக்டீரியாவே. பூஞ்சைக்கென விற்கும் மருந்துக்குச் செலவிடும் பணம் அப்போது வீண்.

நாம் ஆந்திரா பொன்னி என்றழைக்கும் பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி, 1986இல் பாபட்லாவிலிருந்து வந்தது. சன்ன அரிசி, நல்ல விலை, ஆயினும் இந்நோய்க்கு எளிதில் இரையாவது. ஐதராபாத்திலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையமும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து இதனை நோய் தாங்கும் வேறொரு நெல்லோடு கலந்தன. பிறந்த பயிரைத் திரும்பத் திரும்பச் சம்பா மசூரியோடே கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் இலைத்துண்டைச் சோதித்து, வேண்டிய மரபணுக்கள் உள்ள நாற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டன. அரிசியின் குணம் மாறவில்லை. 2008இல் ‘மேம்பட்ட சம்பா மசூரி’ வெளியாயிற்று.

அதில் நோயைத் தடுக்கும் மரபணுக்கள் மூன்று. ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. ஏன் மூன்று? கிருமி தன்னை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஒரு பூட்டுக்குக் கள்ளச்சாவி செய்துவிடும். மூன்று பூட்டையும் ஒருங்கே திறப்பது அரிது. மரபணுவைப் புகுத்திய பயிரோ என்று அஞ்ச வேண்டாம். மகரந்தச் சேர்க்கையால் பிறந்ததே.

ஆனால் குலைநோயையும் புகையானையும் இந்த மூன்று மரபணுக்களும் தடுக்கமாட்டா. விதை வாங்கும்போது ‘மேம்பட்ட’ என்ற சொல்லையும் சான்று விதைக்குரிய நீலச் சீட்டையும் பாருங்கள். வெறும் சம்பா மசூரி பழைய ரகமே.

பழைய ரகத்தை நடுவோர் தழைச்சத்தை ஒரே முறையில் இடலாகாது; நாற்றின் நுனியைக் கிள்ளலாகாது. நோயுற்ற கழனியின் நீரை அடுத்த கழனிக்கு விடவும் கூடாது. இதில்தான் பஞ்சாயத்து உறுப்பினர்களின் உதவி தேவை. கழனிக்குக் கழனி நீர் பாயுமிடத்தில் மேல்கழனியின் நோய் கீழ்க்கழனிக்காரருக்கு வந்து சேரும். பிறகு வரப்புச் சண்டை. இரு தரப்பாரையும் அழைத்துப் பேசி, தனி வாய்க்கால் பிரிக்க நடவுக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

இலை கொண்டுவந்திருப்போர் முன்னே வரலாம். கண்ணாடிக் குவளையும் தண்ணீரும் மேசைமேல் உள்ளன.