அளவூண் வாழ்க்கை

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றியே பேசிவந்த என்னை, இவ்வாண்டு உணவும் உடல்நலமும் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்துச் செயலாளர் பணித்தனர். யான் மருத்துவ நூல் பயின்றவனல்லேன். இலக்கணமும் இலக்கியமும் கற்று, அவற்றைப் பள்ளிச் சிறுவர்க்குக் கற்பித்து வயிறு வளர்ப்பவன். வயிறு வளர்ப்பவன் என்னும் அச்சொல் என் திறத்தில் முற்றும் உண்மையாயிற்று. 2021-ஆம் ஆண்டில் என் எடை 128 கிலோ. உயரமோ 168 சென்டிமீட்டர். எட்டாண்டுகளாக நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய், மாடியிலுள்ள வகுப்பிற்கு ஏறுமுன் இருமுறை நின்று இளைப்பாறும் நிலை. அவ்வாண்டில், எடையைக் குறைத்தற்பொருட்டு இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன்.

இச்செய்தியை என் வீட்டாரன்றி நம்மவர் எவர்க்கும் இன்றுவரை யான் சொன்னதில்லை. "வாத்தியார் இளைத்துவிட்டாரே, என்ன காரணம்?" என்று வினவியவர்க்கெல்லாம் நடைப்பயிற்சி என்றே விடை பகர்ந்தேன். அது பாதி மெய். அப்பாதி மெய்யால் யான் பட்ட இடரையும், அதனின்று கற்ற பாடத்தையும் கூறவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன். நம்மவருள் இச்சிகிச்சை செய்துகொண்டோர் சிலரும், செய்துகொள்ளக் கருதுவோர் பலரும் இருத்தல் கூடும். அவர்க்கும் அவர்தம் வீட்டார்க்கும் என் சொற்கள் பயன்படுமாயின் என் நாணம் பெரிதன்று.

முதற்கண், இச்சிகிச்சை யாது என்பதைச் சுருங்கக் கூறுவல். இது தோலின்கீழுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பதன்று. இன்று பெருவழக்காயுள்ளவை இரண்டு. ஒன்று, இரைப்பையில் ஏறக்குறைய முக்காற்பங்கினை நீக்கி, எஞ்சியதை ஒரு குழாய்போல் நிறுத்துவது. எனக்குச் செய்தது இதுவே. மற்றொன்று, இரைப்பையின் மேற்புறத்தில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதனைச் சிறுகுடலோடு நேரே இணைத்து, உணவிற்கு மாற்றுவழி அமைப்பது. இம்மாற்றுவழி முறையை அமெரிக்க மருத்துவராகிய எட்வர்டு மேசன் என்பாரும் சிகாஷி இட்டோ என்பாரும் 1966-ஆம் ஆண்டில் தொடங்கினர்.

கிலோக் கணக்கிலுள்ள எடையை, மீட்டர்க் கணக்கிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துவரும் எண்ணை உடல்நிறை எண் என்பர். என் எண் அந்நாளில் 45. அவ்வெண் 35-க்கு மேற்படின், வேறு நோய் இல்லாவிடினும் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5 அளவிலேயே இதனை எண்ணிப்பார்க்கலாம் என்றும், 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சத்திரசிகிச்சைச் சங்கமும் அனைத்துலகச் சங்கமும் கூடி நெறி வகுத்தன. ஆயினும் யாவர்க்கு எது தகும் என்பதை உடலைச் சோதித்த மருத்துவரே கூறவல்லார்.

நிற்க. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்பாளை நீவிர் அறிவீர். முனிவன் சாபத்தால் யானைத்தீ என்னும் பெரும்பசி பற்ற, எத்துணை உண்டும் அடங்காது அலைந்தவள் அவள்; அமுதசுரபியினின்று மணிமேகலை இட்ட சிறிது அன்னத்தால் அத்தீ அவிந்தது. அக்கதையைப் பல்லாண்டு கற்பித்த யான், அதன் பொருளை என் வயிற்றால் உணர்ந்தது சிகிச்சைக்குப் பின்னரே. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு ஒன்று உண்டு. ஜப்பானிய அறிஞராகிய கோஜிமா, கங்காவா முதலியோர் அதனை 1999-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அது மிகுதியாய்ச் சுரக்கும் மேற்பகுதியே எனக்கு நீக்கப்பட்டது. ஆகலின், இடங்குறைந்ததோடு பசியும் குறைந்தது. நான்கு கரண்டிச் சோற்றிற்கும் நிறையாத வயிறு, நான்கு தேக்கரண்டிப் பருப்பு மசியலுக்கு நிறைந்தது. காயசண்டிகையின் துயர் ஒரு பொழுதில் தீர்ந்தது. என் போன்றார்க்கோ, சத்திரசிகிச்சை தொடக்கமே. அதன்பின் ஒவ்வொரு வேளை உணவும் ஒரு நோன்பு.

அந்நோன்பின் முறையைக் கூறுகின்றேன். முதலிரு வாரங்கள் நீர்த்த உணவே: வடிகட்டிய பருப்புநீர், மோர், ஆடை நீக்கிய பால் போல்வன, மிடறு மிடறாக. அதன்பின் குழைய மசித்தவை, அதன்பின் மென்மையானவை. ஏறக்குறைய இரண்டு மாதங்கள் கழிந்த பின்னரே வீட்டார் உண்ணும் உணவு, அதுவும் சிறு கிண்ணத்தளவு.

இந்நாளில் என் வழக்கம் இது. காலையில் ஓர் இட்டிலியும் ஓர் அவித்த முட்டையும். சில நாள் முட்டைக்கு மாறாகக் கெட்டித் தயிர். பள்ளியில் இடைவேளையில் ஒருபிடிச் சுண்டல். நண்பகலில், முதலிற் பருப்போ மீனோ முட்டையோ, அடுத்துக் காய்கறி, இடமிருந்தால் ஈற்றில் இரண்டு கரண்டிச் சோறு. மாலையில் சர்க்கரையிடாத பால். இரவில் ஒரு பச்சைப்பயற்றுத் தோசை. மரக்கறியே உண்பார்க்குப் பருப்பு, பயறு, சோயா, பாற்கட்டி, தயிர் ஆகியன துணை.

சோறு ஏன் ஈற்றில் வந்தது என்று நீவிர் வினவலாம். உடலின் தசை கரையாதிருக்க, நாளொன்றுக்கு 60 கிராம் அளவேனும் புரதச் சத்து வேண்டுமென்பது பொது நெறி. ஓர் இட்டிலியில் 2 கிராம் அளவே உளது. ஒரு முட்டையில் 6 கிராம் உளது. சிறு பையில் முதலிற் சோற்றை இட்டு நிரப்பின், புரதத்திற்கு இடம் ஏது? நம் பந்திமுறையில் சோறு மலையாகவும் பருப்பு அதன்மேற் சிறுகுழியாகவும் அமையும். எனக்கோ அம்முறை தலைகீழாயிற்று.

இன்னும் சில விதிகள் உள. நீரும் உணவும் ஒருங்கு சேர்தலாகாது. உண்டு அரைமணி கழித்தே நீர் பருகல் வேண்டும். ஆயினும் நாள் முழுதும் சிறிது சிறிதாக ஒன்றரை லிட்டர் அளவேனும் பருகாவிடின் உடல் வறளும். ஆகலின் என் வகுப்பு மேசைமீது எக்காலும் தண்ணீர்க்குப்பி இருக்கும். ஒவ்வொரு வாயையும் கூழாகுமட்டும் மெல்லுதல் வேண்டும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் பாட்டிமார் சொன்னதை யாம் கேட்டதேயன்றிச் செய்ததில்லை. இனிப்பு மிகுதியாயின், அதிலும் மாற்றுவழி செய்துகொண்டார்க்கு, உண்ட சிறுபொழுதில் வியர்வையும் படபடப்பும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். மதுவோ இரத்தத்தில் விரைந்து ஏறும். அதனை அறவே விடுதல் நன்று. மூன்றாம் மாதத்திற்குமேல் தலைமயிர் உதிர்வது பலர்க்கும் நேர்வது. சத்துக் குறைவு இல்லையாயின் அது பெரும்பாலும் மீண்டும் வளரும். மகப்பேறு விரும்பும் பெண்மணிகள் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் வரை பொறுத்தல் வேண்டும் என்பர்.

இனி, யான் பிழை செய்த இரண்டிடங்களைக் கூறுவேன்.

சிகிச்சைக்குப்பின் நான்காந் திங்களில் நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணம். பந்தியில் அமர்ந்து இரண்டு வாய் உண்டு நிறுத்தினேன். என் அத்தை அருகே வந்து, "ஏனப்பா, எங்கள் வீட்டுச் சாப்பாடு உனக்குப் பிடிக்கவில்லையா? முன்பெல்லாம் மூன்று தடவை கேட்டு வாங்கி உண்பாயே!" என்றனர். அவர் கண்ணில் வருத்தம் தெரிந்தது. உண்மையைச் சொல்ல நா எழவில்லை. "இல்லை அத்தை, உண்கின்றேன்" என்று கூறி, அவர் தம் கையாலிட்ட சோற்றை விரைந்து விழுங்கினேன். சிறிது பொழுதில் நெஞ்சை அடைத்தாற்போல் பெருநோவு; வாயில் நீர் ஊறியது; மண்டபத்தின் பின்புறம் ஓடி அனைத்தையும் கக்கினேன். கண்டவர், "உள்ளே ஏதோ தீராத நோய் உளது" என்று பேசத் தொடங்கினர். அப்பேச்சு என் தாயார் செவிக்கு எட்ட, அவர் ஒரு திங்கள் உறக்கமின்றி வருந்தினர். அன்பு கொண்ட அத்தைமேற் குற்றமில்லை. மறைத்த என்மேலதே குற்றம்.

இரண்டாவது பிழை இதனினும் பெரிது. இரைப்பையின் பெரும்பகுதி நீங்கினமையால் வைட்டமின் பி12 என்னும் உயிர்ச்சத்தை உணவினின்று உடல் கொள்ளும் ஆற்றல் குறையும். இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் டி ஆகியனவும் குறைதல் கூடும். ஆகலின் வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ணல் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒருங்கே உண்ணாது இரண்டுமணி இடைவெளி விடுதல் வேண்டும். ஆண்டுதோறும் இரத்தம் சோதித்தல் வேண்டும். இவையனைத்தும் மருத்துவர் எழுதிக்கொடுத்தவையே. ஆயினும் எடை 82 கிலோவாகக் குறைந்து, உடல் இலேசாயிருந்த இரண்டாம் ஆண்டில், "நலமாயுள்ளேன், மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிட்டேன். சில திங்களில் உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு, பாடம் நடத்துங்கால் சொல் மறந்து நிற்றல், காரணமற்ற சோர்வு. பி12 மிகக் குறைந்துளது என்று சோதனையில் தெரிந்தது. ஊசி மருந்தால் தேறினேன். இன்னும் காலந்தாழ்த்தியிருப்பின் நரம்பிற்கு நேர்ந்த கேடு மீளாதாகியிருக்கும் என்று மருத்துவர் கடிந்தனர். தீராத வாந்தி இருப்பினும் காலந்தாழ்த்தலாகாது. வைட்டமின் பி1 குறைந்து நரம்பும் மூளையும் கெடுதல் கூடும்.

இப்போது என் எடை 86 கிலோ. குறைந்தது சிறிது ஏறுவது இயல்பு என்பர். நடையாலும் அளவூணாலும் அதனை நிறுத்தி வருகின்றேன். நீரிழிவுக்கு இன்சுலின் இட்டுக்கொண்டவன், ஒரு மாத்திரையோடு நிற்கின்றேன். மாடிப்படியை நில்லாது ஏறுகின்றேன்.

அன்பர்களே! திருவள்ளுவனார் விருந்தோம்பலுக்கு ஓரதிகாரமும், அளவறிந்து உண்ணுதலை வற்புறுத்தும் மருந்து என்னும் ஓரதிகாரமும் வகுத்தனர். யாம் முன்னதைப் பிடித்துப் பின்னதை விட்டோம். இவ்விரண்டும் ஒரே பந்தியில் அமர்தல் கூடும். அதன்பொருட்டு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன்.

ஒன்று: நம் இல்ல விழாக்களிலும் இச்சங்கத்தின் விருந்துகளிலும், பரிமாறுவோர் இலையைக் கண்டு இடாது, உண்பவரைக் கேட்டு இடுக. போதும் என்ற சொல்லை ஒரு முறையிலேயே ஏற்க. இந்நெறி நீரிழிவினர்க்கும் முதியோர்க்கும் சிறுவர்க்கும் நலமே செய்யும். இலையில் வீணாகும் அன்னமும் குறையும்.

இரண்டு: இளைத்தவரைக் கண்டு நோயென்றும், பருத்தவரைக் கண்டு பெருந்தீனியர் என்றும் பேசுதலை ஒழிக. உடற்பருமன் நாவடக்கமின்மை ஒன்றாலேயே வருவதன்று. பரம்பரையும் சுரப்புக்களும் வாழ்முறையும் கூடி விளைப்பது.

மூன்று: சிகிச்சை செய்துகொண்டோர் அதனைத் தம் நெருங்கிய உறவினர்க்கேனும் மறையாதொழிக, மாத்திரையையும் சோதனையையும் ஒருநாளும் கைவிடாதொழிக.

சென்ற வாரம் என் அத்தை இல்லத்திற்குச் சென்று, நடந்ததெல்லாம் அவரிடம் கூறினேன். சிறிதுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர் எழுந்து உள்ளே சென்று, ஒரு சிறு கிண்ணத்தில் பச்சைப்பயற்றுச் சுண்டல் கொணர்ந்து என்முன் வைத்து, "இதை அன்றைக்கே சொல்லக்கூடாதா? மெதுவாக உண்; எவ்வளவு முடியுமோ அவ்வளவே போதும்" என்றனர். அக்கிண்ணத்திற் பாதியே உண்டேன். எனினும், என் வாழ்நாளில் யான் உண்ட விருந்துகளுள் அதனினும் சிறந்ததொன்று இல்லை.