காற்றுக்குக் காவலர் யாவர்?



கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு இரயிலில் சென்றவர்கள் வாளையாற்றுப் பக்கம் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வடக்கே நீலகிரித் தொடரும் தெற்கே ஆனைமலைத் தொடரும் விலகி நின்று, நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை என்னும் நெடுஞ்சுவரில் இயற்கை வைத்த தலைவாசல் இது. நம்மவர் பல தலைமுறைகளாகப் பிழைப்புத் தேடி இவ்வழியே சென்றிருக்கின்றனர். காற்றும் இவ்வழியேதான் செல்கிறது. ஆடியில் மேற்கேயிருந்து கிழக்கே. மார்கழியிலும் தையிலும் கிழக்கேயிருந்து மேற்கே. லாரிகளை நிறுத்த வாளையாற்றில் சாவடி வைத்தார்கள். காற்றை நிறுத்த எவரும் சாவடி வைத்ததில்லை. அம்மியே பறக்கும் ஆடிக் காற்றில் புகை எம்மாத்திரம்?

இந்தத் தலைவாசலின் நடுவில்தான் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை அமைந்திருக்கிறது. அது புதுச்சேரி என்னும் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. (பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியோடு அன்பர்கள் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள் இங்குப் பல உண்டு. சற்றுக் கிழக்கே வாளையாற்றில், 1984 முதல் சிமெண்டு உற்பத்தி செய்து வரும் மலபார் சிமெண்ட்ஸ் ஆலை இருக்கிறது. அது கேரள அரசுக்குச் சொந்தமானது. உலைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்வோரில் தமிழரும் வடநாட்டவரும் கணிசமானவர். வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னரும் அவர்கள் சுவாசிப்பது அதே காற்றைத்தான்.

அக்காற்று கெட்டிருக்கிறதா என்று அளந்து, கெட்டிருந்தால் ஆலையைத் திருத்தவோ மூடவோ ஆணையிடும் பொறுப்பு ஒரு வாரியத்தைச் சேர்ந்தது. கேரள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்பது அதன் பெயர். அவ்வாரியத்தில் யார் யார் அமர்கிறார்கள், அதற்கு முன் அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இது வெறும் உத்தியோக விவகாரமாகத் தோன்றலாம். ஆனால், ஒரு கிணறு வெட்டப் புகுந்தால்கூட ஊற்றுப் பார்ப்பவர் முன்பு எத்தனை கிணறு பார்த்தவர் என்று நாம் விசாரிக்கிறோம். ஆயிரக்கணக்கானோர் மூச்சுக்குக் காவல் இருப்பவரைப் பற்றி அத்துணை விசாரணையேனும் வேண்டாமா?

முதலில் இவ்வாரியத்தின் பிறப்பைச் சொல்ல வேண்டும். 1974ஆம் ஆண்டில் பாராளுமன்றம் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்படி அவ்வாண்டு செப்டம்பர் 12ஆம் நாள் கேரளத்தில் வாரியம் அமைந்தது. அப்போது அது தண்ணீருக்கு மட்டுமே காவல். பெயரும் தண்ணீர் மாசுத் தடுப்பு வாரியம் என்பதுதான். 1981இல் காற்றுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. ஆனால் தனி வாரியம் வரவில்லை. தண்ணீர் வாரியம் உள்ள மாநிலங்களில் அதுவே காற்று வாரியமாகவும் கருதப்படும் என்று புதிய சட்டம் கூறிவிட்டது. 1984இல் கேரள வாரியத்தின் பெயர் மாறியது. ஆற்றங்கரைக் காவற்காரனிடம் வானத்தையும் பார்த்துக்கொள்ளச் சொன்னது போலாயிற்று.

இதில் என்ன கேடு என்று கேட்கலாம். இரு சட்டங்களின் வாசகங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் விஷயம் விளங்கும். வாரியத் தலைவர் சுற்றுச்சூழல் பாதுகாப்பில் தனி அறிவோ நடைமுறை அனுபவமோ உடையவராக இருக்க வேண்டும் என்று காற்றுச் சட்டம் சொல்லி நிறுத்திவிடுகிறது. தண்ணீர்ச் சட்டம் அதைச் சொல்லிவிட்டு, ‘அல்லது’ என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறது: அல்லது, அத்தகைய விஷயங்களைக் கவனிக்கும் நிறுவனங்களை நிர்வகித்த அறிவும் அனுபவமும் உடையவராக இருக்கலாம். நிர்வாக உத்தியோகஸ்தர்கள் தலைமைப் பதவிக்கு வரும் வாயில் இந்த ‘அல்லது’தான். நிர்வாகம் இழிவான தொழில் என்று நாம் சொல்லவில்லை. திறமையான கலெக்டர் ஒருவர் அசட்டு விஞ்ஞானி ஒருவரைவிடச் சிறப்பாக வாரியத்தை நடத்தவும் கூடும். ஆயினும் புகைபோக்கியின் உயரத்தைப் பற்றிப் பொறியாளர் ஒன்று சொல்ல ஆலைக்காரர் வேறொன்று சொல்லும்போது, எது மெய் என்று அவர் எதைக் கொண்டு தெளிவார்?

இன்னும் இரண்டு வேற்றுமைகள் உண்டு. குறைந்தது இரண்டு அங்கத்தினராவது காற்றின் தன்மையை அறிந்தவராக இருக்க வேண்டும் என்று காற்றுச் சட்டம் விதிக்கிறது. தண்ணீர்ச் சட்டத்தில் அந்த விதி இல்லை. விவசாயம், மீன்பிடிப்பு, தொழில், வர்த்தகம் ஆகியவற்றின் நலன்களைச் சொல்ல அரசு சாராத அங்கத்தினர் சிலரை நியமிக்கலாம் என்பது இரு சட்டங்களிலும் உண்டு. காற்றுச் சட்டத்தில் மட்டும் அவ்வரிசையில் ‘தொழிலாளர்’ என்னும் சொல் இடம் பெறுகிறது. ஆக, காற்றை அறிந்தவனையும் அக்காற்றைச் சுவாசித்து உழைப்பவனையும் சட்டம் நினைக்காமல் இல்லை. ஆனால் அந்த நினைப்பு எழுதப்பட்ட ஏட்டின்படியன்றி, மற்றோர் ஏட்டின்படி வாரியங்கள் அமைந்திருக்கின்றன.

தண்ணீர்ச் சட்டத்தின் கணக்கு இது: தலைவர் ஒருவர், அரசு உத்தியோகஸ்தர் ஐவர் வரை, உள்ளாட்சி மன்றங்களிலிருந்து ஐவர் வரை, மேலே கூறிய அரசு சாராதார் மூவர் வரை, அரசுக்குச் சொந்தமான கம்பெனிகளின் சார்பில் இருவர், முழுநேரச் செயலராகிய அங்கத்தினர் ஒருவர். எல்லா இடங்களும் நிரம்பினால் 17 பேர். இவர்களுள் செயலர் ஒருவருக்குத்தான் மாசுக் கட்டுப்பாட்டின் விஞ்ஞான, பொறியியல் அல்லது நிர்வாகத் துறையில் தகுதி வேண்டுமென்று சட்டம் வற்புறுத்துகிறது. அங்கும் ஓர் ‘அல்லது’ புகுந்திருப்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். உள்ளாட்சிக்கு ஐந்து இடம் என்றால் கேட்க நன்றாயிருக்கிறது. கேரளத்தில் கிராம பஞ்சாயத்துகள் மட்டும் 941. அவற்றுள் எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற எல்லையோரத் தமிழ்ப் பஞ்சாயத்துகளின் முறை என்றைக்கு வருமோ! அரசுக் கம்பெனிகளுக்கோ இரண்டு இடங்கள் நிச்சயம். அரசே ஆலை நடத்தும் மாநிலத்தில், கண்காணிக்கப்பட வேண்டியவரும் கண்காணிப்போரும் ஒரே பாயில் அமர நேருகிறது.

வைத்தியர் என்ற சொல்லே இக்கணக்கில் இல்லை என்பதையும் இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். சுகாதார இலாகாவிலிருந்து ஒருவரை அரசு அனுப்பினால் உண்டு. அனுப்பாவிட்டால் சட்டம் கேள்வி கேட்காது.

இக்குறை எவருக்கும் தெரியாததன்று. 1984இல் பட்டாச்சார்யா குழுவும், 1990இல் பெல்லியப்பா குழுவும் வாரியங்களைச் சீர்படுத்தும் வழிகளை ஆராய்ந்தன. பிறகு நெடுங்காலம் ஒன்றும் நடவாமல், உத்தராகண்டிலிருந்து புறப்பட்ட ஒரு வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 ஆகஸ்டு 24ஆம் நாள் கடுமையான உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் 10 மாநிலங்களின் வாரியத் தலைவர்கள் பணியாற்றலாகாது என்று தடையும் விதித்தது. அந்தப் பத்தில் கேரளமும் இருந்தது, தமிழ்நாடும் இருந்தது. எல்லையின் இருபுறமும் ஒரே நோய் என்பதை நம்மவர் பெருமையின்றி ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா ஆகியோர் 2017 செப்டம்பர் 22ஆம் நாள் தீர்ப்பளித்தனர். நியமனம் அரசுகளின் வேலை, தீர்ப்பாயம் தன் எல்லையைக் கடந்துவிட்டது என்று முன்னைய உத்தரவை ரத்து செய்தனர். ஆனால் அதோடு விடவில்லை. அங்கத்தினரின் தகுதிகளை வரையறுத்து ஆறு மாதத்துக்குள் விதிகள் செய்யும்படி எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டனர். தகுதியற்றவர் நியமிக்கப்பட்டால், ‘எந்த உரிமையால் இப்பதவியில் அமர்ந்திருக்கிறீர்?’ என்று கேட்கும் பேராணை கோரிப் பொதுமக்கள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் சுட்டினர். அதன் பின் 2024இல் தண்ணீர்ச் சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தத்தை ஏற்கும் மாநிலங்களில் தலைவரை நியமிக்கும் முறையை மத்திய அரசு வகுக்கும் என்றாகியிருக்கிறது.

முன்தொழில் என்ன செய்யும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று சொல்வோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1967இல் காற்று வாரியம் ஒன்றை நிறுவியது. அதன் முதல் தலைவர் ஹாகன்-ஸ்மித் என்னும் இரசாயன விஞ்ஞானி. அவர் அதற்குமுன் ஆராய்ந்துகொண்டிருந்தது எதை என்று நினைக்கிறீர்கள்? அன்னாசிப் பழத்தின் மணத்தை! காற்றில் மிக நுண்ணிய அளவில் மிதக்கும் மணப்பொருள்களைப் பிடித்துப் பகுத்தறியும் அந்த வித்தையைக் கொண்டே, லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக் கண்ணெரிச்சலுக்கு மோட்டார்ப் புகையும் எண்ணெய் ஆலை ஆவியும் வெயிலில் கூடிச் சமைக்கும் ஓசோன் வாயு காரணம் என்று கண்டுபிடித்தார். எண்ணெய்க் கம்பெனிகள் மறுத்தன. அவர் மீண்டும் நிரூபித்தார். இவ்வளவு செய்தவரையும் 1973இல் ஆளுநர் பதவியிலிருந்து நீக்கினார் என்பது வேறு கதை. இன்று அவ்வாரியத்தில் மோட்டார்ப் பொறியியல் அறிந்தவருக்கு ஓரிடம், வைத்தியருக்கு அல்லது உடல்நல நிபுணருக்கு ஓரிடம் எனச் சட்டமே தொழில் குறித்து ஒதுக்குகிறது. புகையால் மிகுதியும் அல்லற்படும் சேரிகளுக்காக உழைப்பவர் இருவருக்கு 2015இல் இடம் சேர்க்கப்பட்டது.

இனி இடுக்கி மலைக்குச் செல்வோம். ஏனெனில் கஞ்சிக்கோட்டில் புகை கண்ணுக்குத் தெரிகிறது. இங்கோ கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. உடும்பன்சோலை வட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகள் மலையேறுகின்றன. ஏறுவோர் பெரும்பாலும் பெண்கள். காய் எடுப்பார்கள், களை பறிப்பார்கள், ஆண்கள் மருந்தடிப்பார்கள். ஏலச்செடியைப் பூச்சியிடமிருந்து காக்க அடிக்கடி மருந்து தெளிக்க வேண்டியிருக்கிறது. அடர்ந்த மரநிழலும் ஈரமும் உள்ள தோட்டத்தில், தெளித்த திவலை உடனே மறைந்துவிடுவதில்லை. அடுத்த நிரையில் குனிந்திருப்பவரின் மூச்சிலும் முந்தானையிலும் அது படிகிறது.

இது காற்று மாசு ஆகுமா? காற்றுச் சட்டத்தின் இலக்கணப்படி, மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடிய அளவில் வானில் கலந்திருக்கும் திட, திரவ, வாயுப் பொருள் எதுவும் மாசுதான். ஆனால் 2009இல் வகுத்த தேசியக் காற்றுத் தர அளவையில் இடம் பெற்றவை 12 பொருள்கள்: கந்தக டை ஆக்ஸைடு, நுண்துகள், ஈயம், ஓசோன் முதலியவை. பூச்சிமருந்து ஒன்றுகூட அப்பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததை எந்தக் கருவி அளக்கும்? கஞ்சிக்கோட்டில் கருவி வைத்தால் ஏதேனும் ஓர் எண் வரும். உடும்பன்சோலையில் அதே கருவியை வைத்தால் காற்று மிகத் தூயது என்றே சொல்லும். அந்த எண்ணைக் கண்டு திருப்தி அடைவதா, ஐயுறுவதா என்பது அதைப் படிப்பவரின் முன் அனுபவத்தைப் பொறுத்தது. தோட்டத்து மருந்தையும் அதனால் வரும் தலைசுற்றலையும் அறிந்தவர் ஐயுறுவார். அறியாதவர் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த கோப்பை எடுப்பார். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பானை ஹெலிகாப்டரிலிருந்து ஏறத்தாழ 20 ஆண்டுக்காலம் தெளித்த மாநிலம் இது. தெளித்ததும் அரசுக்குச் சொந்தமான தோட்டக் கழகமே என்பதை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை.

பாலக்காட்டு எல்லையிலேயே மற்றொரு பாடம் உண்டு. அது காற்றைப் பற்றியதன்று. ஆனால் வாரியம் அதே வாரியம். சித்தூர் தாலுகா பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய கொக்கோ கோலா ஆலை, தன் கழிவுச் சேற்றை உழவர்களுக்கு எருவென்று கொடுத்து வந்தது. அச்சேற்றில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003இல் உலகுக்கு அறிவித்தது பி.பி.சி. வானொலி, அது மாதிரியை எடுத்து இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்கச் செய்தது. பிறகுதான் பலரும் விழித்தனர். வானொலிக்காரர் தம் குலப்பெருமை பேசுகிறார் என்று நேயர்கள் நகைக்கலாம். ஆனால் அதற்கு முன்பே தம் கிணற்று நீர் கெட்டதென்று சொல்லிப் போராடியவர்கள் எரவாளர் குலத்து மயிலம்மாவும் அவ்வூர்ப் பெண்களும். தினமும் அந்நீரில் சோறாக்கியதே அவர்களுடைய தகுதி. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அவ்வம்மையார் 2007இல் காலமானார்.

வாரிய அங்கத்தினரின் பதவிக்காலம் மூன்றாண்டு. ஆகவே, யாரை நியமிப்பது என்ற கேள்வி மூன்றாண்டுக்கு ஒரு முறை அரசின் மேசைக்குத் திரும்பி வருகிறது. அந்தச் சமயத்தில் தொழிற்சங்கமோ, பஞ்சாயத்தோ, எல்லையோரத் தமிழ்ச் சங்கமோ ஒரு மனு எழுதலாம். தொழிலாளர் என்ற சொல் காற்றுச் சட்டத்தில் இருப்பதை அதில் எடுத்துக் காட்டலாம். தண்ணீர்ச் சட்டத்திலும் ‘அரசு கருதும் வேறு எந்த நலனும்’ என்று பொதுவாக ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

அதுவரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. குறிப்பிட்ட ஒரு காரியத்தில் உதவியும் ஆலோசனையும் வேண்டுமானால், அங்கத்தினர் அல்லாதவரையும் வாரியம் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீர்ச் சட்டத்தின் பத்தாம் பிரிவு இதைச் சொல்கிறது; வந்தவர் விவாதத்தில் கலந்துகொள்ளலாம், வாக்களிக்க இயலாது. மயிலாடும்பாறையில் 1978 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு விஞ்ஞானியை அழைக்கலாம். பாலக்காட்டில் நுரையீரல் நோய் பார்க்கும் வைத்தியர் ஒருவரை அழைக்கலாம். கஞ்சிக்கோட்டு உலையருகே பல ஆண்டு நின்ற ஒருவரையும், போடியிலிருந்து ஜீப்பில் வரும் காய் எடுக்கும் பெண் ஒருவரையும், அவர்கள் பேசும் தமிழை மொழிபெயர்க்க ஓர் ஆளோடு, திருவனந்தபுரத்துக்கு அழைக்கலாம். அத்தகைய அழைப்புக் கடிதம் எழுதும் அதிகாரம் வாரியத்துக்கு 1974 முதலே இருந்து வருகிறது.