கடைசி மேசைப் பிள்ளை

நல்ல ஆசிரியர் யார் என்பதே இன்றைய கேள்வி.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பேராக் தோட்டங்கள் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். விடியுமுன் பெற்றோர் பால்மரம் சீவப் போய்விடுவார்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளிருக்காது.

பிறகு செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்தன. அப்பா லாரி ஓட்ட, அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் வீட்டில், இன்றும் சொல்லித்தர ஆளில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆசிரியரை விட்டால் வேறு கதியில்லை.

யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்தவரை, எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ எடுத்தார்கள் என்பதே பள்ளிக்குப் பெருமை. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. ஆனால், அந்தப் பட்டியலில் என்றுமே இடம்பெறாத பிள்ளை இன்னும் கடைசி மேசையில்தான் இருக்கிறான்.

அவனை ‘மக்கு’ என்று ஒதுக்குவது எளிது. பக்கத்தில் உட்காரவைத்து, தினமும் ஐந்து நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பவரே நல்ல ஆசிரியர். நாக்கு இடறுவது ‘ல’வில்லா, ‘ழ’விலா என்பது கேட்டால்தானே தெரியும்? இடைநிலைப்பள்ளியில் பாடங்கள் மலாய்மொழிக்கு மாறிவிடும். தாய்மொழியிலேயே வாசிப்பு ஊன்றாதவன் அங்கே என்ன செய்வான்?

முதல் மாணவன் யாரிடமும் படித்துக்கொள்வான். ஆசிரியரின் திறமைக்குக் கடைசி மேசைதான் சாட்சி.